ஏர்கோன் ஓடுகிறது, அறை ஏன் குளிரவில்லை?

மாணவர்களே, வெயில் சுவரைச் சுட்டெடுக்கும் மாதங்களில் ஜொகூரின் தாமான் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது: "ஏர்கோன் ஓடுது, ஆனா சில்லுன்னு இல்லையே!" அதற்கு உடனே வரும் பதிலும் நமக்குப் பழக்கமானதுதான்: "கேஸ் தீர்ந்திருக்கும். ஆளைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்லு." ஆள் வருகிறார், கேஸ் ஏற்றுகிறார், பணம் வாங்கிக்கொண்டு போகிறார். சில மாதங்கள் அறை குளிர்கிறது. பிறகு மீண்டும் அதே புகார், அதே பதில், அதே செலவு.

"ஏர்கோனில் உள்ள கேஸ் எத்தனை மாதத்தில் தீரும்?" என்று என் படிவம் நான்கு மாணவர்களைக் கேட்டால், ஆறு மாதம், ஓராண்டு, இரண்டு ஆண்டு என்று பதில்கள் வரும். சரியான பதில், அது தீரவே தீராது என்பதுதான். ஏர்கோனில் உள்ள கேஸ், காருக்கு ஊற்றும் பெட்ரோல் போன்றதன்று. பெட்ரோல் எரிந்து தீரும். ஏர்கோனின் கேஸ் எரிவதில்லை, செலவாவதும் இல்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவதே அதன் வேலை. அது குறைந்திருந்தால் ஒரே பொருள்தான்: எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பதற்குச் சமம்.

இன்னொரு செய்தியும் உண்டு. அறை குளிராமல் போகும் பல சமயங்களில் கேஸ் குறைந்திருக்கவே இருக்காது. அப்படியானால் கோளாறு எங்கே? அதைக் கண்டுபிடிக்க, நீங்கள் வகுப்பில் படிக்கும் வெப்பவியலே போதும்.

வெப்பத்தை ஏற்றிச் செல்லும் பேருந்து

ஏர்கோன் குளிரை உற்பத்தி செய்வதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. ஜொகூர் பாருவிலிருந்து காலையில் சிங்கப்பூருக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்லும் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஏற்றுகிறது, பாலத்தைக் கடக்கிறது, அங்கே இறக்குகிறது, காலியாகத் திரும்புகிறது. பயணிகள்தாம் வெப்பம். பேருந்துதான் கேஸ். பயணிகள் இறங்கிப் போவார்கள், பேருந்து தீர்ந்துபோகாது.

இந்தப் பேருந்து வெப்பத்தை எப்படி ஏற்றுகிறது? ஒரு திரவம் கொதித்து வாயுவாக மாறும்போது சுற்றிலும் உள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். வாயு மீண்டும் திரவமாக ஒடுங்கும்போது அதே வெப்பத்தை வெளியே விடும். இதுதான் மறை வெப்பம். உங்கள் மலாய் பாடநூலில் 'ஹாபா பெண்டாம்' என்று வரும்.

இப்போது விற்கப்படும் பல வீட்டு ஏர்கோன்களில் ஆர்-32 என்ற குளிர்பொருள் இருக்கிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் அது சுமார் மைனஸ் 52 டிகிரி செல்சியசில் கொதித்துவிடும். ஆனால், அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலையும் கூடும். அறைக்குள் தொங்கும் பெட்டியில் அதன் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 9 மடங்கு. அந்த அழுத்தத்தில் அது 5 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். எனவே 28 டிகிரியில் உள்ள அறைக்காற்று அதன் மேல் படும்போது, காற்றின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு ஆவியாகிறது. வெளிப் பெட்டியில் உள்ள அமுக்கி, அதாவது கம்ப்ரசர், அந்த ஆவியை ஏறக்குறைய 28 மடங்கு அழுத்தத்துக்கு அமுக்குகிறது. இப்போது கொதிநிலை 45 டிகிரியை எட்டிவிடும். வெளிக்காற்று 33 டிகிரியாக இருந்தாலும், அதைவிடச் சூடான குளிர்பொருள் தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. பிறகு ஒரு குறுகலான வழியில் புகுந்து அழுத்தம் குறைந்து, மீண்டும் அறைப் பெட்டிக்குத் திரும்புகிறது.

1 குதிரைத்திறன் ஏர்கோன் ஒன்று, சுமார் 0.8 கிலோவாட் மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய 2.6 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும். இரண்டையும் கூட்டினால் 3.4 கிலோவாட். வெளிப் பெட்டி ஊதும் அனல்காற்றில் இருப்பது இந்தக் கூட்டுத்தொகைதான். ஆற்றல் அழியாது என்ற விதி உங்கள் வீட்டுப் பின்புறத்திலும் செல்லும்.

குளிர் நாட்டிலிருந்து ஒரு பாடம்

கோளாறு தேடும் முறையைக் குளிர் நாட்டு வீடுகளிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம். லண்டனில் வாழும் நம் உறவினர்களின் வீடுகளில் ஏர்கோன் அரிது. சுவரோரத்தில் இரும்புத் தகடு போன்ற ரேடியேட்டர்கள் இருக்கும். ஒரு கொதிகலன் தண்ணீரைச் சூடாக்கும். பம்ப் அதை வீடு முழுவதும் அனுப்பும். ரேடியேட்டர் அந்த வெப்பத்தை அறைக்குக் கொடுக்கும். நம் ஏர்கோனைப் போலவே இதுவும் மூடிய சுற்று. வெப்பம் போகும் திசை மட்டும் வேறு.

குளிர்காலத்தில் ஒரு ரேடியேட்டர் மட்டும் சூடாகவில்லை என்றால் அங்கே முதலில் அதைத் தொட்டுப் பார்ப்பார்கள். மேல்பகுதி குளிர்ந்து, கீழ்ப்பகுதி சூடாக இருந்தால் உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. காற்று இலேசானது, மேலே போய்த் தங்கி, தண்ணீருக்கு இடம் விடாது. மேல் ஓரத்தில் உள்ள சிறிய திருகைச் சாவியால் திறந்தால், காற்று 'உஸ்' என்று வெளியேறும், கோளாறு தீரும். கீழ் நடுப்பகுதி குளிர்ந்திருந்தால் துருச்சேறு படிந்திருக்கிறது; அதைக் கழுவ வேண்டும். முழுவதும் குளிர்ந்திருந்து, மற்ற அறைகளில் சூடு இருந்தால் அந்த ரேடியேட்டரின் வால்வு சிக்கியிருக்கலாம். எல்லா அறைகளும் குளிர்ந்திருந்தால் கொதிகலனையோ பம்ப்பையோ பார்க்க வேண்டும்.

கவனித்தீர்களா? "சூடு இல்லை" என்று நிறுத்திவிடாமல், "சூடு எதுவரை வந்திருக்கிறது, எங்கே நின்றுவிட்டது?" என்று கேட்கிறார்கள். பேருந்து வரவில்லை என்றால், எந்த நிறுத்தம்வரை வந்தது என்று விசாரிப்பதைப் போல. இதே கேள்வியை நம் ஏர்கோனிடமும் கேட்போம். வெப்பம் அறைக்காற்றிலிருந்து கிளம்பி வெளிக்காற்றில் சேரும்வரை வழியில் எங்கே தடைபடுகிறது?

முதல் நிறுத்தம்: அறை

இயந்திரத்தைக் குறை சொல்லும் முன் ரிமோட்டைப் பாருங்கள். பனித்துகள் படம் இருந்தால்தான் அது குளிரூட்டும் நிலை. விசிறிப் படம் மட்டும் இருந்தால், காற்றுதான் வரும். சிறு குழந்தை ரிமோட்டை அழுத்தி விளையாடிய வீடுகளில் 'கோளாறு' பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து, அறைக்குள் வெப்பம் எவ்வளவு வேகமாக வந்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள். மேற்குப் பார்த்த சன்னல், திரையில்லாத கண்ணாடி, கதவடியில் இடைவெளி, கூரைக்கு நேர் கீழே உள்ள அறை. இவை எல்லாம் உள்ளே வெப்பத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். 2.6 கிலோவாட் வெளியேற்றும் இயந்திரம் இருக்க, 3 கிலோவாட் உள்ளே வந்தால் அறை குளிராது. இங்கே இயந்திரம் நல்ல நிலையில்தான் இருக்கிறது; சுமைதான் அதிகம். திரைச்சீலை போடுவதே சரியான 'ரிப்பேர்'.

ரிமோட்டில் 16 டிகிரி வைத்தால் வேகமாகக் குளிரும் என்பதும் ஒரு தவறான எண்ணம். இன்வெர்ட்டர் இல்லாத சாதாரண ஏர்கோனில் அமுக்கி ஒரே வேகத்தில்தான் ஓடும். 16 வைத்தாலும் 24 வைத்தாலும் குளிரும் வேகம் ஒன்றே. 16 வைத்தால் நிற்காமல் ஓடி மின்கட்டணத்தைக் கூட்டும்.

இரண்டாம் நிறுத்தம்: வடிகட்டி

காற்று வரும் வாயில் கையை வையுங்கள். காற்று மெதுவாக வருகிறதா? முன் மூடியைத் தூக்கி வடிகட்டியைப் பாருங்கள். தூசி சாம்பல் நிறப் போர்வைபோல் படிந்திருந்தால் விடை கிடைத்துவிட்டது. அறைக்காற்று உள்ளே நுழைய முடியாவிட்டால், வெப்பம் எப்படிப் பேருந்தில் ஏறும்? சுவிட்சை அடைத்துவிட்டு, வடிகட்டியை உருவி, தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாகக் காய வைத்து மாட்டுங்கள். சாலையோர வீடுகளில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்வது நல்லது. இதற்கு ஒரு சென் கூடச் செலவில்லை.

மூன்றாம் நிறுத்தம்: பனி பிடித்த சுருள்

சில வீடுகளில் வடிகட்டிக்குப் பின்னால் உள்ள சுருளில் வெள்ளையாகப் பனிக்கட்டி பிடித்திருக்கும். பார்ப்பவர்கள், "இவ்வளவு ஐஸ் இருக்கிறதே, பிறகேன் குளிரவில்லை?" என்று வியப்பார்கள். இந்தப் புதிருக்கு இரண்டு விடைகள் உண்டு, இரண்டும் இயற்பியல்.

முதலாவது, தூசி அடைப்பு. காற்று வராததால் சுருளுக்கு வெப்பம் கிடைப்பதில்லை. அதன் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். காற்றில் உள்ள ஈரம் அங்கேயே உறைந்துவிடும். பனிக்கட்டி வெப்பத்தை நன்றாகக் கடத்தாது, காற்றோட்டத்தையும் அடைக்கும். அதனால் இன்னும் பனி, இன்னும் அடைப்பு.

இரண்டாவது, கேஸ் குறைவு. கேஸ் குறைந்தால் சுருளுக்குள் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். 5 டிகிரியில் கொதிக்க வேண்டியது மைனஸ் 5 டிகிரியில் கொதிக்கும். சுருளின் தொடக்கத்தில் பனி படியும். ஆனால், இருக்கும் கொஞ்சத் திரவமும் சுருளின் முதல் பகுதியிலேயே ஆவியாகித் தீர்ந்துவிடுவதால் மீதிச் சுருள் சும்மா இருக்கும். ஒரு மூலையில் பனி, மற்ற இடத்தில் வெப்பம்! மொத்தத்தில் அறை குளிராது.

இரண்டில் எது என்று அறிய எளிய வழி இருக்கிறது. அமுக்கி ஓடாமல் விசிறி மட்டும் ஓடும் நிலையில் வைத்துப் பனியை உருக விடுங்கள். வடிகட்டியைக் கழுவி மாட்டி மீண்டும் இயக்குங்கள். பனி திரும்ப வரவில்லை என்றால் காரணம் தூசி. வடிகட்டி சுத்தமாக இருந்தும் பனி மீண்டும் வந்தால், சுருளின் உள்ளே அழுக்கோ கேஸ் குறைவோ இருக்கலாம். இப்போதுதான் ஆளைக் கூப்பிட வேண்டும்.

நான்காம் நிறுத்தம்: வெளிப் பெட்டி

வெப்பத்தை ஏற்றிக்கொண்ட பேருந்து இறக்குவதற்கு இடம் வேண்டுமே! நம் ஊர் வீடுகளில் வெளிப் பெட்டியின் முன்னால் காலணி அடுக்கு, காயும் துணி, பூச்சட்டி எல்லாம் வந்து சேர்ந்துவிடும். ஊதிய அனல்காற்று தடுக்கப்பட்டு, அதையே பெட்டி மீண்டும் உள்ளே இழுக்கும். வெளிக்காற்று 33 டிகிரியாக இருக்க, பெட்டிக்கோ 40 டிகிரிக் காற்று கிடைக்கும். வெப்பத்தை இறக்குவது கடினமாகிறது; அமுக்கி திணறுகிறது; மின்சாரம் கூடுகிறது. மெர்சிங், பொந்தியான் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இந்தப் பெட்டியின் மெல்லிய தகடுகளை அரிக்கவும் செய்யும்.

தொலைவில் நின்று பாருங்கள். விசிறி சுழல்கிறதா? வரும் காற்று சூடாக இருக்கிறதா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் வெப்பம் இதுவரை வந்து சேர்கிறது. விசிறி சுழன்றும் காற்று சூடாக இல்லையென்றால் அமுக்கி வேலை செய்யவில்லை, அல்லது கேஸ் மிகக் குறைவு. 'உம்' என்ற ஒலி மட்டும் கேட்டு விசிறி நின்றிருந்தால் மின்தேக்கி பழுதாகியிருக்கலாம். இன்வெர்ட்டர் வகையில், அறை குளிர்ந்த பிறகு எல்லாமே மெதுவாக ஓடும். அதைக் கோளாறு என்று எண்ணிவிடாதீர்கள்.

இந்தப் பெட்டியை நீங்கள் திறக்கவே கூடாது. சுவிட்சை அடைத்த பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அது ஆளையே தூக்கி எறியும். ஆர்-32 இலேசாகத் தீப்பற்றக்கூடியதும்கூட. உங்கள் எல்லை, வடிகட்டியோடும் வெளிப் பெட்டியின் முன்னால் உள்ள பொருள்களை நகர்த்துவதோடும் முடிகிறது. மற்றது பயிற்சி பெற்றவரின் வேலை.

கசியும் கேஸ் எங்கே போகிறது?

கசிந்த கேஸ் நம் கண்ணை விட்டு மறைகிறது. வானத்தை விட்டு மறைவதில்லை. முன்பு பயன்பட்ட குளோரின் கலந்த குளிர்பொருள்கள் ஓசோன் படலத்தை அரித்தன. அதனால்தான் 1987இல் மொன்றியல் உடன்பாடு உருவானது. அதற்குப் பிறகு வந்த ஆர்-410ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால், 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல் சுமார் 2,088 மடங்கு பூமியைச் சூடாக்கும். அரை கிலோ கசிந்தால் ஏறக்குறைய ஒரு டன் கரியமில வாயுவை வெளியிட்டதற்குச் சமம். ஆர்-32க்கு அந்த எண் 675. குறைவுதான், பூஜ்யமன்று. இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் நாடுகள் ஒப்புக்கொண்டன. கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் கேஸ் ஏற்றும் வீடு, அறையைக் குளிர்விக்க உலகைச் சூடாக்குகிறது.

ஆகவே, "கேஸ் குறைந்திருக்கு" என்று தொழில்நுட்பர் சொன்னால், மரியாதையோடு மூன்று கேள்விகள் கேளுங்கள். "அண்ணே, எங்கே கசியுது?" "அடைச்ச பிறகு வேக்குவம் போட்டீங்களா?" "எத்தனை கிராம் ஏத்துனீங்க?" கசியும் இணைப்பில் எண்ணெய்க் கறை தெரியலாம், சவர்க்கார நுரை பூசினால் குமிழி எழும். அடைத்த பிறகு குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். ரேடியேட்டரில் அடைபட்ட காற்று தண்ணீருக்கு இடம் விடாததுபோல, ஏர்கோன் குழாயில் புகுந்த காற்றும் ஒடுங்காமல் இடத்தை அடைத்துக்கொள்ளும். கேஸின் பெயரும் அளவும் வெளிப் பெட்டியின் பட்டயத்தில் அச்சிடப்பட்டிருக்கும். நல்ல தொழில்நுட்பர் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்.

இதையே தொழிலாகக் கற்க விரும்புவோருக்குத் தொழிற்கல்லூரிகளில் குளிர்பதனத் துறை இருக்கிறது. கூலாய் அருகே செடெனாக்கில் எழும் தரவு மையங்களில், இரவு பகலாகக் கணினிகளின் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். லண்டன் வீடுகளிலும் கொதிகலனுக்குப் பதிலாக, நம் ஏர்கோனையே திருப்பி வைத்ததுபோன்ற வெப்ப பம்ப்புகள் ரேடியேட்டர்களைச் சூடாக்கத் தொடங்கியுள்ளன. இயந்திரத்தைப் புரிந்துகொண்டவருக்கு இரு திசையிலும் வேலை இருக்கிறது.

செய்து பாருங்கள்

தேவையானவை: ஒரு வெப்பமானி, ஒரு வாளி, ஒரு கடிகாரம்.

1. ஏர்கோனை 15 நிமிடம் ஓட விடுங்கள். அது காற்றை உள்ளிழுக்கும் மேல்பக்கத்திலும் வெளியே ஊதும் வாயிலிலும் வெப்பநிலையை அளந்து குறியுங்கள். உயரத்துக்கு ஏற, பெரியவர் துணையை நாடுங்கள். வேறுபாடு 8 முதல் 12 டிகிரி வரை இருந்தால் இயந்திரம் நலம்; அறை குளிராததற்குக் காரணம் வெளியிலிருந்து வரும் வெப்பம். வேறுபாடு 4 அல்லது 5 டிகிரிதான் என்றால் மேலே சொன்ன நிறுத்தங்களில் ஒன்றில் தடை இருக்கிறது. வடிகட்டியைக் கழுவி மீண்டும் அளந்து பாருங்கள்.

2. நீர் வடியும் குழாயின் கீழே வாளியை ஒரு மணி நேரம் வையுங்கள். நீளம் 4 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 3 மீட்டர் உள்ள அறையின் காற்று, 30 டிகிரியும் 80 விழுக்காடு ஈரப்பதமும் கொண்டிருந்தால், அதில் மட்டுமே சுமார் 0.9 லிட்டர் நீர் ஆவியாக மறைந்திருக்கும். கதவு வழியாக இன்னும் வந்துகொண்டிருக்கும். ஒரு மணி நேரத்தில் 1 லிட்டர் சேர்ந்தால், நீரின் மறை வெப்பம் கிலோவுக்கு 22 லட்சத்து 60 ஆயிரம் ஜூல் என்று வைத்து 3,600 விநாடியால் வகுத்துப் பாருங்கள். சுமார் 628 வாட் வரும். 2.6 கிலோவாட்டில் ஏறக்குறைய கால்பங்கு, காற்றை உலர்த்தவே போய்விடுகிறது! 1902இல் வில்லிஸ் கேரியர் தம் முதல் இயந்திரத்தை வடிவமைத்ததும் இதற்காகத்தான். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில் ஈரத்தால் தாள் விரிந்து வண்ணங்கள் பிசகிக்கொண்டிருந்தன.

வடிகட்டியைக் கழுவுவதற்கு முன் ஒன்று, கழுவிய பின் ஒன்று என இரண்டு அளவுகளையும் நோட்டில் எழுதி, வகுப்பில் உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். இயற்பியல் பாடத்துக்கு அது நல்ல செய்முறை. வீட்டில் அம்மா, அப்பாவுக்கு ஒரு கேஸ் செலவு மிச்சம்.